81 ஆட்டத்தில் 4 தோல்வி

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பராக ஆடி, பிறகு பெரிய லீகிலும் ஜெயித்தவர்கள் உண்டா?

பதில்: நிறையப் பேர். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கென் டிரைடன். கனடாக்காரர், ஆறடி நாலங்குல உயரம், 2025 செப்டம்பரில்தான் காலமானார். 1964 இல், இளம் வீரர்களை அணிகள் வரிசையாகப் பங்குபோட்டுக்கொள்ளும் தேர்வில், பாஸ்டன் புரூயின்ஸ் அணி அவரை 14வது ஆளாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, கொஞ்ச நாளிலேயே மான்ட்ரியல் கனேடியன்ஸ் பக்கம் தள்ளிவிட்டது (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது). அப்போதெல்லாம் என்எச்எல் (வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) கனவு உள்ள பையன்கள் ஜூனியர் அணிகளில்தான் சேருவார்கள். இவரோ படிப்பு முக்கியம் என்று நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய் வரலாறு படித்தார். முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி, அதனால் கிடைத்தது 3 சீசன்தான். அதில் 76 வெற்றி, 4 தோல்வி, 1 டிரா. 1967 இறுதி ஆட்டத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 4-1 என்று வீழ்த்தி கார்னெல் தேசிய சாம்பியன் ஆனது. 1969 இறுதி ஆட்டத்தில் டென்வரிடம் 3-4 என்று தோற்றது.

கேள்வி: சரி, அந்தக் கணக்கு கோல்கீப்பரின் திறமையா, அவருக்கு வாய்த்த அணியின் திறமையா?

பதில்: குறும்பான கேள்வி. ஏனென்றால் டிரைடன் படிப்பை முடித்துக்கொண்டு கிளம்பிய அடுத்த சீசனில், 1969-70 இல், அதே கார்னெல் 29 ஆட்டம் ஆடி 29ஐயும் ஜெயித்து மறுபடியும் சாம்பியன் ஆனது! அப்போது கோலில் நின்றவர் பிரையன் குராப்பர். ஆக, அந்த 76 வெற்றியில் பாதியைப் பயிற்சியாளர் நெட் ஹார்க்னெஸுக்கும் அவர் சேர்த்த பையன்களுக்கும் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். அணி 6 கோல் அடித்தால் கோல்கீப்பர் 4 கோல் விட்டாலும் வெற்றி அவர் பெயரில்தான் ஏறும், இந்தக் கணக்கின் லட்சணம் அது. வந்த அடிகளில் நூற்றுக்கு எத்தனையைத் தடுத்தார் என்று பார்ப்பது தேவலை.

ஆனால் 1971 வெற்றியில் யாராலும் பங்கு கேட்க முடியாது. மெக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவரை மான்ட்ரியல் சீசன் கடைசியில் கூப்பிட்டது, 6 ஆட்டம் ஆடினார், ஆறும் வெற்றி. அந்த 6 ஆட்ட அனுபவத்தோடு பிளேஆஃபில் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் நாக்அவுட் சுற்றுகளில்) இறக்கிவிட்டார்கள், முதல் சுற்றிலேயே எதிரில் யார் என்றால் நடப்புச் சாம்பியன் பாஸ்டன், நட்சத்திர வீரர் பாபி ஓர் ஒரு பக்கம், அந்த சீசனில் 76 கோல் அடித்திருந்த ஃபில் எஸ்பொசிட்டோ ஒரு பக்கம். வேண்டாம் என்று தள்ளிவிட்ட அந்த அணியை 7 ஆட்டத்தில் வெளியே அனுப்பி, என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையையும் வாங்கி, பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், சிறந்த புதுமுகம் விருது அவருக்குக் கிடைத்தது அதற்கு அடுத்த வருடம்! அப்புறம் 1973-74 இல் சம்பளத் தகராறில் ஆட்டத்தையே விட்டுவிட்டு டொராண்டோவில் வக்கீல் ஆபீஸில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அவர் இல்லாத மான்ட்ரியல் முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனது. கார்னெலுக்கு ஒரு பதில், மான்ட்ரியலுக்கு வேறு பதில்.

கேள்வி: மட்டைமேல் சாய்ந்து நிற்கும் படம் அவருடையதுதானே? அலட்சியமா?

பதில்: அவரேதான். ஆட்டம் நிற்கும்போதெல்லாம் மட்டையைப் பனியில் ஊன்றி, அதன் உச்சியில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முகமூடியின் தாடையை அதன்மேல் சாய்த்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நிற்பார். அலட்சியம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் வட்டுதான் பக்; அது 3 அங்குல அகலம், 1 அங்குல தடிமன், சுமார் 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர், துள்ளாமல் இருக்க அதை உறைய வைத்துத்தான் ஆட்டத்துக்கு எடுப்பார்கள். அது முகத்தை நோக்கி வருகிற வேலையில் இருப்பவர் கிடைத்த அரை நிமிடத்தில் உடம்பைத் தளர்த்திக்கொள்கிறார், அவ்வளவுதான்.

கேள்வி: இப்போதும் கல்லூரியிலிருந்து இப்படி வருகிறார்களா?

பதில்: இப்போது அதுதான் சகஜம். வின்னிபெக் ஜெட்ஸின் கானர் ஹெலபக் மாசசூசெட்ஸ் லோவலில் 2 சீசன் ஆடியவர், கல்லூரியின் சிறந்த கோல்கீப்பருக்கான மைக் ரிக்டர் விருதை 2014 இல் முதன்முதலில் வாங்கியவர், 2025 இல் என்எச்எல்லின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையும் அவருக்குத்தான். இத்தனைக்கும் 2012 தேர்வில் அவரை 5வது சுற்றில், 130வது ஆளாகத்தான் எடுத்தார்கள். கோல்கீப்பர்களை 18 வயதில் எடைபோடுவதில் அணிகள் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.