மாடியில் போய்ப் பிடித்தாலும் ஆகாதா?

மனைவிக்கு ஐந்தாம் மாதம், சிகரெட்டை மொட்டை மாடியில்தான் பிடிக்கிறேன், அதுவுமா ஆகாது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்குள் பிடிப்பதற்கு அது தேவலை, சரி, ஆனால் சட்டையிலும் மீசையிலும் ஒட்டிய புகை உங்களோடேதான் படியிறங்கி வருகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நிகோட்டின் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். எடை குறைந்து பிறப்பது, பின்னால் வீசிங், ஆஸ்துமா என்று அலைவது எல்லாம் இதில் வரக்கூடியவைதான். அப்புறம் அந்தப் பிராந்தி. சளிக்கு ஒரு மூடி கொடுக்கலாம் என்று உங்கள் அத்தை சொன்னாராம், வேண்டவே வேண்டாம். மது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளை வரை போகும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. சில பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போன பிறகுதான், கணக்கு ஏறாமல், ஓரிடத்தில் உட்கார முடியாமல், அந்தப் பாதிப்பு தெரியவரும். சிகரெட்டை நிறுத்த 1800112356க்குப் போன் போடுங்கள், இலவசம்தான்.