பன்னிரண்டு மணி நேர வித்தியாசம்: மாலை நான்குக்கு முன் வெயில், பின் நிழல்

கேள்வி: எனக்கு 61 வயது, சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறேன். மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக அக்டோபர் நடுவில் நியூ ஜெர்சி போய் டிசம்பரில் திரும்புகிறேன். இரவு பதினொன்றரை வாக்கில் சாங்கியில் ஏறினால் மறுநாள் அங்கே விடியற்காலையில் இறக்கிவிடும் நேரடி விமானம். போன முறை பத்து நாள் இரவில் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன், பகலில் தூங்கி வழிந்தேன். இந்த முறை போனதுமே மூத்த பேரனையும், பிறகு குழந்தையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்க மாத்திரை எடுத்துப்போகலாமா? சர்க்கரைக்கு இரு வேளை மெட்ஃபார்மினும், ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

பதில்: தூக்க மாத்திரையைக் கடைசியில் பார்ப்போம் அம்மா. முதலில் வெயில்.

மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, நம் உடலின் தலைமைக் கடிகாரம் இருக்கிறது. எப்போது தூக்கம், எப்போது பசி, எப்போது உடல் சூடு குறைய வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. அதைத் திருத்தி வைப்பதில் கண்ணில் படும் வெளிச்சத்துக்கு இணையாக வேறொன்றும் இல்லை. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில் விடிந்து ஏழு மணி வாக்கில் இருட்டுகிறது. அதனால் வெளிச்சத்தை ஒரு மருந்தாக நினைக்கும் பழக்கமே நமக்கு இல்லை.

அக்டோபரில் நியூ ஜெர்சி நமக்குச் சரியாக 12 மணி நேரம் பின்னால் இருக்கும். கைக்கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம், பகல் இரவு மட்டும் மாறும். உள்ளே இருக்கும் கடிகாரமோ நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் நகரும். மனிதக் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதால், அதை முன்னே இழுப்பதைவிட, அதாவது சீக்கிரம் தூங்கிச் சீக்கிரம் எழப் பழக்குவதைவிட, பின்னே தள்ளித் தாமதமாகத் தூங்கி எழப் பழக்குவது எளிது. அப்படிப் பார்த்தால் முழுதாகப் பழக ஒரு வாரம், எட்டு நாள் ஆகும். அதை மூன்று நாளில் முடித்துத் தருவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் முதல் சில நாட்களின் தள்ளாட்டத்தை நன்றாகவே குறைக்கலாம்.

இங்கே காலை ஆறு மணிக்கு எழுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உடல் மிக ஆழ்ந்து அடங்கிக் கிடக்கும் நேரம் விடியற்காலை நான்கு மணியை ஒட்டி வரும். போய் இறங்கிய அன்று அது நியூ ஜெர்சியின் மாலை நான்கு. அந்த நேரத்துக்கு முன்னால் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னே தள்ளும், அதற்குப் பின்னால் படுவது முன்னே இழுக்கும். இரண்டும் கலந்தால் கடிகாரம் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். போன முறை உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

ஆகவே முதல் நாள் காலை பத்திலிருந்து மாலை மூன்றரை வரை முடிந்தவரை வெளியே இருங்கள். பேரனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள், தெருவில் நடங்கள். மேகமூட்டமாக இருந்தாலும் வெளி வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம், ஜன்னலோரம் உட்கார்வது அதற்கு ஈடாகாது. நான்கு மணிக்குமேல் வீட்டுக்குள் திரையை இழுத்துவிடுங்கள், வெளியே போக நேர்ந்தால் கறுப்புக் கண்ணாடி. இரண்டாம் நாள் ஐந்தரை வரை வெயில் படலாம். மூன்றாம் நாளிலிருந்து கவலை இல்லை, அக்டோபர் நடுவில் அங்கே ஆறேகால் வாக்கில் சூரியனே போய்விடும். அப்புறம் மாலையில் வீட்டு விளக்குகளைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாலை நான்கு மணிக்குக் கண் செருகும். அது சாதாரண மதிய மயக்கம் மாதிரி இருக்காது, நடுச்சாமத்தில் எழுப்பி உட்கார வைத்ததுபோல் தலை கனக்கும். முக்கால் மணி நேரம் இருட்டறையில் படுத்துவிட்டு, மகளை எழுப்பிவிடச் சொல்லுங்கள். இதில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: முதல் வாரத்தில் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாயாதீர்கள். நம்மை அறியாமல் தூங்கிவிட்டால் குழந்தைக்கு மூச்சுத் திணறலாம், உயிருக்கே ஆபத்து. குழந்தையைத் தொட்டிலில் போட்ட பிறகுதான் நீங்கள் உட்கார வேண்டும். குளிப்பாட்டும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

விமானத்தில் ஏறிய உடனே அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடு என்று எல்லோரும் சொல்வார்கள். பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் பறக்கிற விமானத்தில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நீங்கள் ஏறும்போது நியூ ஜெர்சியில் முற்பகல். அந்தக் கணக்குப்படி சிங்கப்பூர் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டும், 61 வயதில் அது வீண் வதை. முதல் பாதியில் தூக்கம் வந்தால் தூங்குங்கள், இறங்குவதற்கு முன் இன்னொரு குட்டித் தூக்கம் கிடைத்தால் லாபம். கேபினில் காற்று மிகவும் வறண்டிருக்கும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். மணிக்கொரு தரம் எழுந்து நடக்க முடிந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் குறையும். கோப்பியை மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கே போன பிறகும்தான்.

மருந்துக்கு இந்த 12 மணி நேரம் ஒரு வசதி. காலை எட்டு, இரவு எட்டு என்று மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு அங்கேயும் அதே எட்டும் எட்டும்தான். விமானத்திலும் சாப்பாட்டோடு அதே இடைவெளியில் எடுங்கள், விட்டுப்போனால் சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரை ஒரு வேளைதான் என்பதால் காலை மாத்திரை இரவு மாத்திரையாகிவிடும். பெரும்பாலானவற்றுக்கு அது பரவாயில்லை. நீர் பிரிய வைக்கும் வகை என்றால் இரவெல்லாம் கழிப்பறைக்கு நடக்க வேண்டியிருக்கும். எந்த வகை, எப்படி மாற்றுவது என்று உங்கள் பலதுறை மருந்தகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் இந்தப் பத்தியை நம்பி எதையும் மாற்ற வேண்டாம், மருத்துவரிடம் தனியாகத் திட்டம் வாங்க வேண்டும். மருந்து எல்லாம் கைப்பையில், அதன் அட்டையோடு, மருந்துச் சீட்டோடு இருக்கட்டும்.

உடலின் இரவு நேரத்தில் சாப்பிட்டால் சர்க்கரையை உடல் சரியாகக் கையாளாது. முதல் நாட்களில் மதியச் சோற்றைப் பாதியாக்கி, காலை உணவை நன்றாகச் சாப்பிடுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பசிக்கும், ஏனென்றால் வயிற்றுக்கு அது மதியம். கொஞ்சம் தயிர்சாதம் போதும். விளக்கைப் பிரகாசமாகப் போடாமல், கைப்பேசியைத் தொடாமல் திரும்பிப் படுங்கள்.

சரி, மாத்திரை. தூக்க மாத்திரை உங்களைத் தூங்க வைக்கும், கடிகாரத்தை நகர்த்தாது. விமானத்தில் அசையாமல் கிடக்க வைக்கும். இரவில் குழந்தை அழும்போது தள்ளாடி எழுந்தால் விழுந்துவிடுவீர்கள். உங்களுக்கு வேண்டாம். மெலடோனின் வேறு. இருட்டியதும் உடலே சுரக்கும் பொருள் அது, அங்கே படுக்கப்போகும் நேரத்தில் சிறிய அளவாக முதல் சில இரவுகள் எடுத்தால் பலருக்கு உதவுகிறது. 5 மில்லிகிராமுக்கு மேல் போவதால் பலன் கூடுவதில்லை. அமெரிக்காவில் அது சாதாரணக் கடையிலேயே கிடைக்கும், ஆனால் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருப்பதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. உங்கள் மருந்துகளோடு சேருமா என்பதைப் புறப்படுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டு முடித்துவிடுங்கள்.

நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள், வித்தியாசம் 13 ஆகிவிடும். டிசம்பரில் திரும்பி வரும்போதும் கணக்கு இதேதான்: முதல் நாள் மாலை ஐந்து மணி வரை வெயில், அதற்குப் பின் நிழல்.