நடுவழியில் ரெவிட்டுக்கு மாறி வேலைகள் பிந்துவது பற்றி

யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீடும் திருநெல்வேலிக் கடைத்தொகுதியும் பாதியில் இருக்கும்போது உங்கள் கட்டடக்கலை அலுவலகம் ஓட்டோகேட்டிலிருந்து (கோடுகளாக வரையும் கணினி மென்பொருள்) ரெவிட்டுக்கு (கட்டடத்தை முப்பரிமாண மாதிரியாக அமைத்து அதிலிருந்து வரைபடங்களை எடுக்கும் மென்பொருள்) மாறியது, வரைபடங்கள் பிந்துகின்றன, ஓட்டோகேட்டுக்கே திரும்பலாம் என்கிறார் முதலாளி என்று எழுதியிருக்கிறீர்கள். ரெவிட்டை விட்டுவிடாதீர்கள். அந்த இரண்டு வேலைகளை மட்டும் ஓட்டோகேட்டிலேயே முடித்துக் கொடுங்கள். அடுத்து வரும் ஒரு சிறிய வீட்டை முதல் கோட்டிலிருந்தே ரெவிட்டில் தொடங்குங்கள்.

உங்கள் சிக்கலின் வேர் கால அட்டவணை என்றே நினைக்கிறேன். ஓட்டோகேட்டில் உழைப்பின் பெரும்பகுதி கட்டுமான வரைபடங்களின்போது விழும். ரெவிட்டிலோ சுவரின் தடிப்பையும் கூரையின் சரிவையும் வடிவமைப்புக் கட்டத்திலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஆரம்பத்துக்குக் கூடுதல் நாட்களை ஒதுக்குங்கள். கட்டணத்தின் முதல் தவணையையும் அதற்கேற்பக் கூட்டிக் கேளுங்கள், தயங்காதீர்கள். பலன் பிறகு வரும். நடுவில் முற்றம் உள்ள நாற்சார் வீடொன்றை ரெவிட்டில் எடுத்து, முற்றத்தை நோக்கிச் சரியும் ஓட்டுக் கூரையை ஓரடி உயர்த்திப் பாருங்கள்: வெட்டுமுக, முகப்பு வரைபடங்கள் எல்லாம் கூடவே மாறிவிடும். ஓட்டோகேட்டில் அதற்கு ஒவ்வொரு தாளாகத் திருத்த வேண்டும்.

கட்டமைப்புப் பொறியியலாளருடன் பதிப்பு எண்ணை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். புதிய பதிப்பில் சேமித்த ரெவிட் கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. அவரிடம் ரெவிட்டே இல்லையென்றால் வெவ்வேறு மென்பொருட்களும் திறக்கக்கூடிய பொது வடிவமான ஐஎஃப்சி கோப்பாகக் கொடுக்கலாம்.

கதவுக் கைப்பிடி வரை வரைந்து பார்க்கும் ஆசை இளையவர்களுக்கு வரும். அதை இப்போதே தடுத்துவிடுங்கள். கோப்பு கனத்துக் கணினி திணறும், மேசனுக்கும் அது தேவையில்லை.