காப்பி இலையில் துரு: வரைபடப் புள்ளியை நம்பி மரத்தை வெட்டலாமா?

கேள்வி: பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில் வீட்டுக்குப் பின்னால் ஆறு காப்பி மரங்கள் வைத்திருக்கிறோம். இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி. மருந்து விற்க வந்தவர், ஹெர்பேரியப் (உலர்செடிக் காப்பகம்) பதிவில் எங்கள் வட்டாரத்திலேயே துருநோய் இருப்பதாகக் கைப்பேசியில் ஒரு புள்ளியைக் காட்டினார். மரங்களை வெட்ட வேண்டும், இல்லையென்றால் 800 ரிங்கிட்டுக்கு மருந்து வாங்க வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: வெட்டாதீர்கள் அம்மா, பணமும் கொடுக்காதீர்கள்.

யாரோ என்றோ ஒரு நாள் நோய்ப்பட்ட இலையைப் பறித்துக் காயவைத்துப் பத்திரப்படுத்தியதன் குறிப்புதான் அந்தப் பதிவு. இன்று உங்கள் மரத்துக்கு என்ன என்று அது சொல்லாது. அந்தப் புள்ளியையும் நம்ப வேண்டாம். அந்த இலையோடு இருக்கும் பழைய சீட்டில் 'பினாங்கு' என்று மட்டும் எழுதியிருந்தால், பின்னாளில் கணினியில் ஏற்றுபவர் தீவின் நடுவில் ஒரு புள்ளியை வைத்துவிடுவார். அதை 'உங்கள் வீட்டருகே' என்று காட்டி வியாபாரம் செய்பவர்களைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. எந்த ஆண்டு பறித்தது, எந்தச் செடியில், இடம் சீட்டிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பதிவே இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது. யாரும் பறித்து வைக்கவில்லை, அவ்வளவுதான். ரப்பர் மட்டும் விதிவிலக்கு. தென் அமெரிக்க இலைக்கருகல் உள்ளே வந்துவிடக் கூடாது என்று தலைமுறைகளாகக் காவல் காக்கிறார்கள். அந்தப் பூஞ்சைக்குப் பெயர் மாறி மாறி வந்திருக்கிறது: டோதிடெல்லா, மைக்ரோசைக்ளஸ், இப்போது சூடோசெர்கோஸ்போரா. எல்லாப் பெயரிலும் தேடி, மலேசியாவில் பதிவில்லை என்றால் அதை நம்பலாம். காப்பிக்கு அப்படிக் காவல் கிடையாது.

இலையை வெள்ளைத் தாளில் தேயுங்கள். ஆரஞ்சுத் தூள் ஒட்டினால் பெரும்பாலும் துருதான். 1869இல் இலங்கைக் காப்பி இலையிலிருந்து பெர்க்லி, புரூம் என்ற பூஞ்சை ஆய்வாளர்கள் பெயரிட்ட ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை அது. அந்த ஆரஞ்சுத் தூள்தான் அதன் வித்து. வித்துக்கு ஒரு பக்கம் முள், மறுபக்கம் வழவழப்பு. நுண்ணோக்கியில் வைத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும், வரைபடம் எதற்கு? ஆரஞ்சுத் தூளின்மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள், பெரும்பாலும் அது துருவைத் தின்னும் பூஞ்சை.

ஈர இலையில்தான் வித்து முளைக்கும். அதனால் கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் விடுங்கள். தாமிர மருந்து புது இலையைக் காக்கும், நோய் பட்ட இலையைக் குணமாக்காது.

நோயை உறுதி செய்ய, நோய்ப்பட்ட இலை மாதிரியை நாளிதழுக்குள் அழுத்திக் காயவைத்துக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் போட்டால் அழுகிவிடும். தேதி, இடம், மரம் மூன்றையும் எழுதி மாவட்ட விவசாய அலுவலகத்தில் கொடுங்கள். நான் ஓர் அலுவலகத்தில் கொடுத்த இலை, படிவத்தில் முத்திரை இல்லையென்று மூன்று மாதம் மேசையிலேயே கிடந்தது. அதனால் இரண்டு உறை தயார் செய்து, ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.