லைட் டூட்டி யாரும் போடற தயவு இல்ல

கேள்வி: வணக்கம் மேடம். நான் ஒரு அரசு போக்குவரத்துக் கழகத்துல 17 வருஷமா டிரைவர். போன வருஷம் டூட்டில ஆக்சிடென்ட் ஆகி முதுகுத்தண்டுல ஆபரேஷன் பண்ணாங்க, இனிமே பஸ் ஓட்டக்கூடாதுன்னு மெடிக்கல் போர்டு எழுதிடுச்சு. எட்டு மாசமா டிப்போல லைட் டூட்டி பாக்குறேன். இப்ப கூப்பிட்டு, "இதெல்லாம் நிரந்தரமா தர முடியாது, வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) எழுதிக் கொடு, இல்லன்னா கம்மி சம்பளத்துல ஹெல்ப்பரா போ"ங்கறாங்க. புள்ளைங்க ரெண்டும் படிக்குதுங்க, என்ன பண்றது?

பதில்: அண்ணா, முதல்ல எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து போட்டுடாதீங்க. நீங்களா விரும்பி வி.ஆர்.எஸ். கேட்டதா பதிவாயிட்டா அப்புறம் கோர்ட்ல அதை மாத்தறது ரொம்பக் கஷ்டம், இந்த மாதிரி அவசரத்துல எழுதிக் கொடுத்துட்டு அழுதுட்டு வந்தவங்களை நிறைய பாத்துட்டேன்.

உங்க பக்கம் சட்டம் பலமா இருக்கு. 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4). வேலைல சேந்த பிறகு ஊனம் வந்தா, அரசு நிறுவனம் அவரை வேலையை விட்டு எடுக்கவும் கூடாது, பதவியைக் குறைக்கவும் கூடாது. பழைய வேலை பாக்க முடியலன்னா அதே சம்பள விகிதம், அதே பணிப் பலன்களோட வேற வேலைக்கு மாத்தணும், அதுக்கும் இடம் இல்லன்னா உங்களுக்குன்னே கூடுதலா ஒரு போஸ்ட் உருவாக்கி, ஏத்த இடம் வர்ற வரைக்கும் இல்லன்னா ரிட்டயர் ஆகற வரைக்கும் அதுல வெச்சிருக்கணும். அதனால இடம் இல்லங்கற பேச்சே செல்லாது. அரசு போக்குவரத்துக் கழகமும் இதுக்குள்ள வரும். இதுக்கு முன்னாடி இருந்த 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துலயே இது இருந்துச்சு, காலை இழந்த கான்ஸ்டபிள் குணால் சிங் வழக்குல, பென்ஷன் கொடுத்தாச்சேன்னு சொல்லி இந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாதுன்னு 2003-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

(தனியார் கம்பெனில இருக்கறவங்களுக்கு இந்த 20(4) பொருந்தாது, அது எனக்கு ரொம்ப நாள் வருத்தம்.)

அவங்க வாய்ல சொன்னதுக்கு நீங்க எழுத்துல பதில் கொடுங்க. பிரிவு 20(4)-ன்படி அதே சம்பளத்துல மாற்றுப் பணி வேணும்னு மனு எழுதி, மெடிக்கல் போர்டு ரிப்போர்ட் காப்பி வெச்சு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. உங்க கழகத்துல குறைதீர்ப்பு அலுவலர்னு ஒருத்தர் இருக்கணும், புகார் பதிவானா ரெண்டு வாரத்துல விசாரிக்கணும்னு பிரிவு 23 சொல்லுது. அங்கயும் நகரலன்னா மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், அதுக்கப்புறம் ஹைகோர்ட்ல ரிட் மனு போடலாம். ஊனச் சான்றிதழ் இன்னும் வாங்கலன்னா அந்த வேலையை இந்த வாரமே ஆரம்பிச்சிடுங்க, லைட் டூட்டி போட்ட ஆர்டரையும் பத்திரமா வெச்சுக்குங்க.