இரண்டு டேப்லெட், ஒரே 57

கேள்வி: மளிகை மொத்த வியாபாரம் எங்களுடையது. கோத்தகிரி பக்கம் லைனுக்குப் போகும் மூன்று பையன்களும் டேப்லெட்டில் பில் போடுகிறார்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடையாது, சாயங்காலம் குடோனுக்கு வந்துதான் சர்வரில் ஏற்றுவார்கள். பில் எண்தான் பிரைமரி கீ, அதாவது ஒரு பில்லை இன்னொன்றிலிருந்து சர்வர் பிரித்தறியும் அடையாளம். ஒருவனுடைய 57-ஆம் பில்லுக்குள் இன்னொருவனுடைய 57-இன் சரக்கு வந்து உட்காருகிறது. ஏற்றும்போது சர்வரே புது எண் கொடுத்துவிட்டால் போதுமா? (வாசகர், மேட்டுப்பாளையம்)

பதில்: கொடுக்கலாம், அன்றோடு உங்கள் தூக்கம் போச்சு. 57 என்பது 112 ஆனால், அதன் கீழே இருக்கும் சரக்கு வரி, வசூல் வரி எல்லாவற்றிலும் 57-ஐத் தேடி மாற்ற வேண்டும், டேப்லெட்டுக்கும் சொல்லியனுப்ப வேண்டும், இதற்கு நடுவில் கடைக்காரர் கையில் இருக்கும் காகிதத்தில் 57 என்றுதானே அச்சாகியிருக்கிறது, அவர் போன் பண்ணினால் எந்த 57-ஐ எடுப்பீர்கள்?

பில் போடும் இடத்திலேயே, சர்வரைக் கேட்காமல் கீ உருவாக வேண்டும். அதற்குத்தான் யூயூஐடி, அதாவது எந்தக் கருவியும் தானே உருவாக்கிக்கொள்ளும் நீளமான அடையாள எண். மொத்தம் 128 பிட், நான்காம் வகையில் அதில் 122 பிட் வெறும் குலுக்கல், மோதுமோ என்ற கவலையே வேண்டாம். ஆனால் நான் ஏழாம் வகையைத்தான் எடுப்பேன். 2024-இல் ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் வந்தது, முதல் 48 பிட்டில் நேரம் இருக்கும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி, வரிகளை பிரைமரி கீ வரிசையில்தான் பக்கம் பக்கமாக அடுக்கும், குலுக்கல் கீ கொடுத்தால் நடுநடுவே சொருகிப் பக்கங்களைப் பிளந்துகொண்டே இருக்கும். அதனால் வேகம் குறைவது நூறு பில்லில் தெரியாது, லட்சக்கணக்கில் ஆனால் தெரியும். யூயூஐடியை 36 எழுத்தாக வைக்காமல் 16 பைட்டாக வையுங்கள். டேப்லெட் கடிகாரம் தப்பாக ஓடினால் வரிசைதான் குலையும், கீ மோதாது.

டேப்லெட் எண்ணையும் ஓடும் எண்ணையும் சேர்த்துக் கீயாக்கலாமே என்பீர்கள். நானும் செய்தேன். ஒரு டேப்லெட் கண்ணாடி உடைந்ததும் அதன் பேக்கப்பைப் புதியதில் ஏற்றினார்கள், பழையது ரிப்பேராகித் திரும்பி வந்தது, அப்புறம் ஊரில் இரண்டு 'டேப்லெட் 3'.

பில் எண்ணைத் தனி ஃபீல்டில் வையுங்கள். ஜிஎஸ்டி விதிப்படி அது 16 எழுத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ச்சியாக வர வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. யூயூஐடியை அங்கே திணிக்கவே முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்பதால் டேப்லெட்டுக்கு ஒரு முன்னெழுத்து கொடுங்கள், ஆப்பை ஒவ்வொரு முறை புதிதாக நிறுவும்போதும் பேக்கப்பை ஏற்றும்போதும் சர்வரிடம் புது எழுத்து வாங்கட்டும். சர்வரில் அந்த ஃபீல்டுக்கு ஒரே எண் இரண்டு முறை ஏறாமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடும் போடுங்கள்.

சரி, ஏற்கனவே கலந்துபோன 57-கள்? டேப்லெட்டில் இருக்கும் மூலத்தை இப்போதைக்கு யாரும் அழிக்க வேண்டாம், பிரிக்க அதுதான் கைவசம் இருக்கும் ஆதாரம்.