ஈசிஜி நார்மல்தான்... பிறகு ஏன் நெஞ்சு படபடக்கிறது?

கேள்வி: என் வயது 34. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை. மூன்று மாதமாக, படுக்கப் போகும் நேரத்தில் திடீரென நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. இரண்டு முறை நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடினோம். ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில், தைராய்டு, சர்க்கரை எல்லாமே நார்மல். 'ஒண்ணுமில்லை, டென்ஷன்தான்' என்கிறார்கள். பெரியப்பா மாரடைப்பில் இறந்ததிலிருந்து பயம் விடவில்லை. என்ன செய்வது?

பதில்: 'ஒண்ணுமில்லை' என்று சொன்னது தவறு. இதயத்தில் கோளாறு இல்லை, அவ்வளவுதான். படபடப்பு நிஜம், மரத்துப்போவதும் நிஜம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது 'பேனிக் அட்டாக்', அதாவது திடீரெனப் பீதி உச்சத்துக்குப் போவது போலத்தான் தெரிகிறது.

பயம் வந்ததும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. ஓடித் தப்பிக்க உடம்பு செய்யும் ஏற்பாடு இது. ஆனால் நீங்கள் ஓடவில்லை, கட்டிலில் படுத்திருக்கிறீர்கள். தேவைக்கு மேல் மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவது, தலை கிறுகிறுப்பது எல்லாம் அதனால்தான். மூச்சு போதவில்லை என்று தோன்றும் நேரத்தில் உண்மையில் மூச்சு அதிகமாகப் போய்க்கொண்டிருக்கிறது!

இரவில் ஏன்? பகலில் வேலைச் சத்தத்தில் கவனிக்காத இதயத்துடிப்பு, அமைதியான அறையில், அதுவும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், நன்றாகவே கேட்கும்.

சரி, அது வரும்போது என்ன செய்யலாம்? எழுந்து உட்காருங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை மெதுவாக மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஆழமாக இழுக்க வேண்டாம், விடுவதுதான் முக்கியம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, தானாக இறங்கும். சினிமாவில் வருவதுபோல் காகிதப் பைக்குள் மூச்சுவிட வேண்டாம். உண்மையிலேயே இதய, நுரையீரல் பிரச்சினை இருந்தால் அது ஆபத்து.

இன்னொன்று கேட்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை நாடியைத் தொட்டுப் பார்க்கிறீர்கள்? என்னிடம் வருபவர்களில் பலர் 'எப்போதாவது' என்பார்கள். ஒரு நாள் எண்ணிக் குறித்துவரச் சொன்னால், மறுவாரம் வெட்கத்தோடு நாற்பது, ஐம்பது என்று சொல்வார்கள். தொட்டுப் பார்த்ததும் நிம்மதி வரும், அரை மணி நேரத்தில் சந்தேகம் திரும்ப வரும். கூகுளில் தேடுவதும் அதே கதைதான். உங்கள் நோயை வளர்ப்பது இந்தச் சோதிக்கும் பழக்கம்தான் என்பது என் கருத்து. வாரத்துக்கு வாரம் பாதியாகக் குறையுங்கள். துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் இருந்தால் கழற்றி பீரோவில் வையுங்கள்.

மாலை நான்கு மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். தூக்கத்துக்காக 'கொஞ்சம்' மது குடிப்பவராக இருந்தால், விடியற்காலைப் படபடப்புக்கு அதுவே காரணமாகலாம்.

இதற்குப் பிறகும் குறையாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சிபிடி என்னும் பேச்சு சிகிச்சை இதற்கு நன்றாகவே வேலை செய்கிறது. மாத்திரை தேவைப்பட்டால், முழுப்பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். முதல் வாரம் பதற்றம் சற்றே கூடவும் கூடும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் மெடிக்கலில் நேராகக் கேட்டு அல்பிரசோலம் என்னும் பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்கிப் போடுவது வேண்டவே வேண்டாம், அது பழகிவிடும். நேரில் போகத் தயக்கமா? அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

இவ்வளவு சொன்னதால் இனி எந்த நெஞ்சுவலியையும் 'டென்ஷன்' என்று தள்ளிவிடாதீர்கள். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சை அழுத்தி, நின்றால் குறையும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்த்துக் கொட்டுவது, மயங்கி விழுவது, இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். நம் ஊரில் 'கேஸ்' என்று சோடா குடித்துக் காத்திருந்து நேரத்தை இழந்தவர்களும் உண்டு.

அப்புறம், வீட்டில் மனைவியிடம் ஒரு வார்த்தை. ராத்திரி இவர் 'எனக்கு ஏதாவது ஆகிடுமா?' என்று கேட்டால், 'ஒண்ணும் ஆகாது' என்று இருபது தடவை சொல்ல வேண்டாம். ஒரு தடவை சொல்லுங்கள், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணுங்கள்.